இருபது பிள்ளைகளின் சதவீதம்

கேள்வி: ரோஸ் பெல் பக்கம் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் போன வருடம் ஆறாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 20 பேரில் 16 பேர் தேறினார்கள். இந்த வருடம் 20 பேரில் 12 பேர்தான். 80 சதவீதம் 60 ஆகிவிட்டது. நாலாம் வகுப்பிலிருக்கும் மகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமா?
– ஒரு தாய், மொரிசியஸ்

பதில்: அவசரப்படாதீர்கள், அம்மா. 80 சதவீதம் 60 ஆனது என்று கேட்டால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நாலு பிள்ளைகள். உங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை என்றாலே 5 சதவீதம். பரீட்சை நாளில் ஒருவனுக்குக் காய்ச்சல், இன்னொருத்தி வீட்டில் சாவு, அவ்வளவில் 10 போய்விடும். சிறிய பள்ளியில் எந்தக் குறையும் இல்லாமலே வருடத்துக்கு வருடம் இரண்டு மூன்று பேர் ஏறி இறங்குவது சகஜம். ஐந்து வருட முடிவுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். தொடர்ந்து இறங்கினால்தான் கவலை.

நான் ஆறாம் வகுப்பு எடுத்தவள். 2017இல் சிபிஇ என்ற பழைய ஆறாம் வகுப்புப் பொதுத்தேர்வு போய் பிஎஸ்ஏசி என்ற புதிய தேர்வு வந்தது, ஆனால் கணக்கில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் மாறவில்லை. வீட்டில் கிரியோல் பேசுகிறோம், வினாத்தாளோ ஆங்கிலத்தில். கூட்டல் தெரிந்த பிள்ளை கேள்வி புரியாமல் அப்படியே விட்டுவிடும். என் வகுப்பிலேயே எத்தனை பேரை அப்படிப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்!

அதனால் தலைமையாசிரியரிடம் சதவீதத்தைக் கேட்காதீர்கள். எந்தப் பாடத்தில் எத்தனை பேர் தவறினார்கள், அவர்களுக்கு என்ன உதவி கிடைத்தது என்று கேளுங்கள். அப்புறம் மகளை ஆங்கிலக் கணக்கு ஒன்றைச் சத்தமாகப் படித்து, கிரியோலிலோ தமிழிலோ விளக்கச் சொல்லுங்கள். எங்கே திணறுகிறாள் என்று குறித்துக்கொண்டு அவள் ஆசிரியையைப் பாருங்கள்.