"மானியம் வாங்கித் தர்றேங்க": வாசகர் கேள்விகள்

வங்கியில் கடன் பிரிவிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவன் நான். அதனால்தானோ என்னவோ, இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மானிய ஏஜென்ட்டுகளைப் பற்றித்தான்.

பல்லடத்தில் எட்டுத் தறி ஓட்டுகிறேன். பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசின் சுயதொழில் திட்டத்தில் 10 லட்சம் முழு மானியம், திருப்பிக் கட்ட வேண்டியதே இல்லை என்று ஒருவர் சொன்னார். ஆர்டர் காப்பியும் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. ஃபைல் சார்ஜ் 18,500 கேட்கிறார். கட்டலாமா?

கட்டாதீங்க. நீங்கள் அனுப்பிய காப்பியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே அசோகச் சின்னம், அதற்குக் கீழே முத்ரா என்ற வேறொரு சிறுதொழில் கடன் திட்டத்தின் முத்திரை, நடுவில் கதர் வாரியத்தின் பெயர். மூன்றும் ஒரே தாளில் வர வேலையே இல்லை. பணம் போடச் சொன்னதோ ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்கில்.

அந்தத் திட்டம் நிஜம். ஆனால் அதன் நடையே வேறு. கிராமப்புறத்தில் பெண் ஒருவர் 10 லட்சத்தில் புதிதாகத் தொழில் தொடங்குகிறார் என்று வையுங்கள். கைக்காசு 5 சதவீதம், அதாவது 50,000. மீதி 9.5 லட்சத்தை வங்கி கடனாகக் கொடுக்கும். மானியம் 35 சதவீதம், 3.5 லட்சம். அது அவர் கைக்கு வராது. வங்கியிலேயே வைப்பாக 3 வருடம் கிடக்கும். தொழில் நிஜமாகவே நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். பொதுப் பிரிவினருக்கு கிராமத்தில் 25, நகரத்தில் 15 சதவீதம்தான். முழு மானியம் என்று ஒன்று அதில் கிடையவே கிடையாது.

இன்னொன்று. இது புதுத் தொழிலுக்கான திட்டம். ஏற்கெனவே இதே திட்டத்திலோ முத்ராவிலோ வாங்கி ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு விரிவாக்கக் கடன் உண்டு. மற்றபடி ஓடிக்கொண்டிருக்கும் தறிக்கு இதில் இடமில்லை. அந்த ஆள் உங்களிடம் இதைக் கேட்கவே இல்லை, பார்த்தீர்களா?

திருப்பூரில் ஓவர்லாக் ஜாப் ஒர்க் செய்கிறேன். சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழ் காலாவதியாகிறது, 2,999 கட்டினால்தான் மானியம் வரும் என்று போன் வந்தது.

உத்யம் பதிவு இலவசம். புதுப்பிக்கக் கட்டணமும் இல்லை. முகவரி gov.in என்று முடியாத எந்தத் தளத்திலும் கை வைக்காதீர்கள். தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் விளம்பரம்தான்.

பொள்ளாச்சிப் பக்கம் சின்ன கயிறு யூனிட். மகளிர் மானியம் என்று சொல்லி ஆதார், பான், கரண்ட் பில், போட்டோ எல்லாம் வாங்கிப் போனார்கள். ஓடிபி கூட இரண்டு தடவை சொன்னேன். பணம் எதுவும் போகவில்லை. பயப்பட வேண்டுமா?

பணம் போகாததுதான் எனக்குக் கவலையாக இருக்கிறதும்மா. பான், ஆதார், கரண்ட் பில் மூன்றும் கையில் இருந்தால் உங்கள் பெயரில் ஒரு ஜி.எஸ்.டி. பதிவு எடுத்துவிடலாம். அப்புறம் சரக்கே இல்லாமல் பில் மட்டும் போடுவார்கள். ஒரு நாள் கோடிக்கணக்கில் வரி பாக்கி என்று நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கே தமிழ்நாட்டில் இப்படி நோட்டீஸ் வந்திருக்கிறது.

இன்றைக்கே ஜி.எஸ்.டி. தளத்தில் பான் எண்ணை வைத்துத் தேடும் பகுதிக்குப் போங்கள். உள்நுழைய வேண்டியதில்லை. உங்கள் பானில் தெரியாத பதிவு ஏதாவது இருந்தால் படம் எடுத்துக்கொண்டு வணிகவரி அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். ஒன்றும் இல்லையென்றாலும் மாதம் ஒரு முறை பாருங்கள். ஆதார் பயோமெட்ரிக்கையும் பூட்டிவிடுங்கள்.

ஈரோட்டில் ஜவுளிக்கடை. மானியம் வாங்கித் தருவதாகச் சொன்னவருக்கு நேற்று சாயங்காலம் 40,000 கட்டிவிட்டேன். வீட்டில் கூடச் சொல்லவில்லை.

வீட்டில் அப்புறம் சொல்லிக்கலாம். முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு மணி நேரமும் அதைக் குறைக்கும். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கிக்கும் தகவல் கொடுங்கள். அடுத்த வாரம் ஒருவர் "போன பணத்தை மீட்டுத் தர்றேன், 5,000 கட்டுங்க" என்று கூப்பிடலாம். அவரும் அதே கூட்டம்தான்.

சென்னிமலையில் தையல் கடை. அப்படியானால் நிஜமாகவே எங்களுக்கு ஒன்றும் இல்லையா?

ஏன் இல்லை? தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் வரை கடன். அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். ஈரோட்டில் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். விண்ணப்பிக்கப் பணம் கேட்க மாட்டார்கள்.

திட்ட அறிக்கை எழுதித் தர ஆடிட்டர் கூலி கேட்டால் அது வேறு கதை. அவர் உழைப்புக்கான காசு. பில் போட்டுத் தருவார், கையெழுத்து இருக்கும், ஆபீஸ் எங்கே என்று ஊருக்கே தெரியும். "மானியம் வந்ததும் அதில் பத்து சதவீதம் கொடுத்துடுங்க" என்று சொல்பவரிடம் மட்டும் டீ கூடக் குடிக்காதீங்க.