பெர்மிட்டில் யாருடைய பெயர்?

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

நிர்வாக சேவையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அம்பாறை மாவட்டத்தில் வேலை. காணியும் வீடமைப்பும் பார்த்த எங்கள் மூத்த அதிகாரி 32 வருடச் சேவையின் பின் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். பாராட்டு விழா மலரில் அவரைப் பற்றிய கட்டுரையை என்னிடம் தந்திருக்கிறார்கள். அரச காணிக்கு அவர் கொடுத்த பெர்மிட்டுகள், கட்டுவித்த வீடுகள் எல்லாவற்றையும் பட்டியலாக்கி இணைத்திருக்கிறேன். ஒரு நிர்வாக அதிகாரியின் வாழ்க்கையை எப்படி எழுதுவது? பழைய சிவில் சேவைக்காரர்களோடு ஒப்பிடலாமா? என்னையும் காணிப் பிரிவுக்குப் போட்டிருக்கிறார்கள். 'காணிப் பக்கம் போனால் பழிதான் மிஞ்சும்' என்கிறார்கள் வீட்டில்.

வாசகி, திருக்கோவில்

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் பட்டியலை முழுக்கப் படித்தேன். மூன்று பக்கம். எத்தனை பெர்மிட், எத்தனை வீடு, எத்தனை கிணறு என்று எல்லாம் இருக்கிறது. அந்த வீடுகளில் இருக்கிற ஒரு ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு வருடத்துக்குள் இப்படி எழுதப் பழகிவிட்டீர்களே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் மேல் அக்கறை இல்லாவிட்டால் வந்திருக்காது.

சிவில் சேவைக்காரர்களை விடுங்கள். அந்தச் சேவை 1963 மே 1ஆம் திகதியோடு முடிந்த கதை. வீட்டில் சொல்வதையும் விடுங்கள். பழி எந்த மேசையையும் தேடி வரும்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்கு. போன கிழமை அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து இதே யோசனை.

அக்காவின் பழைய வீடு மட்டக்களப்பு நாவலடியில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. முதலில் அது அம்மாவின் வீடு. அக்காவுக்குக் கல்யாணம் பேசி முடிந்ததும் அம்மா அதை அவள் பெயருக்கு உறுதி எழுதிக் கொடுத்துவிட்டு, வளவின் பின்பக்கம் ஒரு கிடுகுக் குடிலுக்கு மாறிக்கொண்டார். அத்தான் ஒரு இரும்புப் பெட்டியோடு வந்து குடியேறினார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று முஸ்லிம் குடும்பங்களிலும் இதே வழக்கம். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பட்டியலைப் பார்த்தால் தெரிந்தவர் எழுதியதாகத் தெரியவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமி அந்த வீட்டைக் கொண்டுபோனது. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். உள்ளே அரச காணியில் பெர்மிட்டோடு புது வீடு தருவதாகச் சொல்லி ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் விசாரணை வைத்தார்கள். காணிப் பதிவகத்தில் எடுத்த உறுதிப் பிரதியை ஷொப்பிங் பைக்குள் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள் அக்கா. நானும் கூடப் போனேன். மேசையில் இருந்தவர் நல்ல மனிதர். அவளுக்குக் கதிரை போட்டுக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "குடும்பத் தலைவர் யார்?"

அக்கா பையை அவிழ்த்துப் பிரதியை நீட்டினாள். "வீடு என்ட பேர்ல சேர்."

"அது பழைய காணி அக்கா. இது வேற."

அத்தானே சொன்னார், "அவட பேருக்கே எழுதுங்க சேர்." படிவத்தில் குடும்பத் தலைவர் என்றுதான் இருக்கிறது என்று அத்தானின் பெயரையே எழுதினார்கள். அக்கா அந்தப் பிரதியை மடிப்புக் கலையாமல் திரும்பப் பைக்குள் வைத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

குடும்பத் தலைவரைக் கேட்டது அந்தப் படிவம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் அந்த 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேறொரு வினை இருந்தது. காணி துண்டு துண்டாகப் பிரியக்கூடாது என்று உரிமையை ஒருவருக்கே கொடுத்தார்கள். பெர்மிட்காரர் பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பின் காணி யாருக்கு என்று, நியமிக்காமல் இறந்தால், துணைக்கு ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமை மட்டும். பிறகு மகன்கள், அதிலும் மூத்தவன். மகன் இல்லாவிட்டால்தான் மகள். 1931இல் முதல் காணி ஆணையாளராக வந்த பிரேன் அதற்கு முன் மட்டக்களப்பில் அரசாங்க ஏஜெண்டாக இருந்தவர். மகளுக்கு வீடு கொடுக்கிற ஊரை அந்தத் திணைக்களம் தன் தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. ஆண் முதலில் என்ற வரிசை 2022இல்தான் திருத்தத்தில் போனது. 87 வருடம்!

அத்தான் 2016இல் இறந்தார். பின்னுரித்தாளர் என்ற இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதலாம் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அக்காவுக்கு ஒரு மகன், இரண்டு பெண்பிள்ளைகள். அவன் தங்கமான பிள்ளை. கல்யாணம் முடித்து மனைவியின் வீட்டில், அவள் சீதன வீட்டில் இருக்கிறான். தாயோடு இருந்து பார்க்கிறவள் கடைசி மகள். சட்டப்படி வீடு அவனுக்கு. போன கிழமை அக்கா கேட்டாள், "தம்பி, இவளுக்கு நான் எதக் குடுக்கிற?"

நான் திண்ணையில் பேசாமல் இருந்தேன்.

மகளே, அன்றைக்குப் பெர்மிட் வாங்கிய ஒருவருக்கும் தன் பெண்பிள்ளைக்கு எழுதச் சட்டம் தடை சொல்லவில்லை. 2022க்கு முன்னும் பெர்மிட்காரர் விரும்பினால் மகளை நியமிக்கலாம். உயிரோடு இருக்கும்போதே பதிய வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொல்லிக் கொடுப்பது யாருடைய வேலை? முன்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஒரு காணிக் கச்சேரிக்கு, காணி கொடுக்கிற விசாரணைக்கு, போயிருந்தேன், கோயில் மண்டபத்தில் நடந்தது. அங்கே இருந்த அதிகாரி பெர்மிட் வாங்கிய ஒவ்வொரு ஆம்பிளையையும் இருத்தி வைத்துக் கேட்டார். "எழும்புறதுக்கு முதல் புள்ளைர பேரச் சொல்லிட்டு எழும்புங்க." சிலர் தயங்கினார்கள். அவர் பேனையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவர் அசையவில்லை. அவருடைய பெயர் எனக்கு ஞாபகம் இல்லை, அவருக்கு மலரும் போட்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் அதிகாரி எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. பெர்மிட்டுகளைப் பதிகிற லெட்ஜருக்குத் தெரியும். எத்தனை பெர்மிட் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பக்கத்திலும் பின்னுரித்தாளர் நிரலைப் பாருங்கள். பெண்பிள்ளைகளின் பெயர்கள் இருந்தால் அந்த வீடுகளுக்குப் போய், அந்தப் பெண்களோடு இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து கட்டுரையை எழுதுங்கள். அது தானாக வரும்.

வெறுமையாகக் கிடந்தால் கட்டுரையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். விழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பெர்மிட்காரர் உயிரோடு இருக்கிற பக்கங்களாகப் பார்த்துத் தாள் வைத்து அடையாளம் பண்ணி, உங்கள் அதிகாரியின் மேசையில் கொண்டுபோய் வையுங்கள். ஓய்வு பெறும் நாள்வரை அவர் கையெழுத்துச் செல்லும்.

அன்புடன்.