வசதி செய்து கொடுத்தால் வீடற்றவர்கள் குவிந்துவிடுவார்களா? சான் பிரான்சிஸ்கோவில் நான் பார்த்தது

கேள்வி: கொரோனா காலத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரம் வீடற்றவர்களுக்கு ஓட்டல் அறை கொடுத்தது. அதனால்தான் வெளியூர்க்காரர்கள் அங்கே போய்க் குவிந்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

சிலர் வந்தார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் தெருவெல்லாம் கூடாரம் முளைத்ததற்குக் காரணம் அவர்கள் இல்லை. நான் அப்போது நகரின் நடுவில் உள்ள, ஏழைகள் அதிகம் வாழும் டெண்டர்லாயின் பகுதிக்கு மிக அருகில் குடியிருந்தேன். வாரம் இரண்டு நாள் மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கும் குழுவோடு அங்கே ஹைட் தெருவில் நிற்பேன். அதனால் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

முதலில் நடந்த வரிசையைப் பாருங்கள். 2020 மார்ச் 17 அன்று ஊரடங்கு வந்தது. வீடற்றவர்களுக்கான நகரக் காப்பகங்களில் கட்டிலோடு கட்டில் ஒட்டிக் கிடக்கும். இடைவெளி வேண்டும் என்று புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். அதற்கு முன்பே அந்தக் கட்டில்களுக்கு ஆயிரம் பேருக்கு மேல் காத்திருந்தார்கள். ஏப்ரல் 10 அன்று நகரத்தின் மிகப் பெரிய காப்பகத்தில் ஒரே மூச்சில் 70 பேருக்குத் தொற்று என்று அறிவித்தார்கள். அப்புறம் அங்கே போக யாருக்குத் தைரியம் வரும்? பகலில் உட்கார இடம் தந்த நூலகமும் காபிக் கடைகளும் மூடிவிட்டன. நண்பர் வீட்டுச் சோபாவில் படுத்திருந்தவர்களை, நோய்க்குப் பயந்து, அந்த நண்பர்களே வெளியே போகச் சொன்னார்கள். தனி அறை தர முடியாவிட்டால் கூடாரங்களைக் கலைக்காதீர்கள், கலைத்தால் நோய் பரவும் என்று அமெரிக்காவின் மத்திய நோய்த்தடுப்பு மையமும் சொல்லியிருந்தது. உள்ளே போக வழியில்லை, வெளியே இருந்தால் யாரும் விரட்டுவதில்லை. மே மாதத்துக்குள் டெண்டர்லாயினில் மட்டும் ஏறக்குறைய 400 கூடாரங்கள்.

சரி, அந்த ஓட்டல் அறைக்கு வருவோம். சுற்றுலா நின்றுபோனதால் ஆயிரக்கணக்கான அறைகள் காலியாகக் கிடந்தன. செலவில் 75 சதவீதத்தை மத்திய அரசின் பேரிடர் நிதியிலிருந்து திரும்பப் பெறலாம் என்று இருந்தது. 8,250 அறைகளை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று நகர சபை ஏப்ரலில் சட்டமே போட்டது. அப்போதைய மேயர் லண்டன் பிரீட் நிர்வாகம் அந்த எண்ணிக்கையைத் தொடவே இல்லை. எடுத்த அறைகளும் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்குபவருக்குக் கிடைக்காது. தொற்று வந்தவர், தொற்றியவரோடு இருந்தவர், 60 வயது தாண்டியவர், ஏற்கெனவே நோய் உள்ளவர் என்று பார்த்து, நகர ஊழியர்களே பெயர் எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. நேரே போய்க் கதவைத் தட்டினால் வேலைக்கு ஆகாது.

ஹைட் தெருவில் நீலத் தார்ப்பாய் போட்ட கூடாரத்தில் ஒருவர் இருந்தார். வாசலில் ஒரு கால்மிதிகூட விரித்திருப்பார். பொட்டலம் கொடுக்கப் போன ஒரு நாள், எந்த ஊர் என்று கேட்டேன். இதே நகரத்தின் மிஷன் பகுதியில் 24ஆம் தெருவைச் சொன்னார். நடந்தே போகலாம், அவ்வளவு பக்கம். அம்மா பெயரில் இருந்த வாடகை வீடு, அம்மா போனதும் கைவிட்டுப் போயிருக்கிறது. ஓட்டலுக்குப் பெயர் கொடுத்தீர்களா என்றேன். "58 வயசு, சர்க்கரை இல்லை, இதயம் நன்றாக இருக்கிறது. அதனால் கிடையாதாம்" என்றார். உடம்பு நன்றாக இருந்ததற்காக ஒருவர் தெருவில் படுக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் ஒருவரை வைத்து முடிவு கட்டச் சொல்லவில்லை. 2019 கணக்கெடுப்பில் இந்த நகரத்தில் வீடில்லாதவர்கள் 8,035 பேர். வீட்டை இழந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டதற்கு, 70 சதவீதம் பேர் இதே நகரத்தில்தான் என்றார்கள். வேறு மாநிலம் என்றவர்கள் 8 சதவீதம்தான். 2023இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகம் மாநிலம் முழுக்க நடத்திய ஆய்விலும், முக்கால்வாசிப் பேர் கடைசியாக வீடு இருந்த அதே கவுன்டியிலேயே (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருந்தார்கள். பெருந்தொற்றுக்கு முன் இங்கே ஒரு படுக்கையறை வீட்டின் வாடகை மாதம் சுமார் 3,500 டாலர். நான் காரணம் தேடுவது அங்கேதான்.

எதிர்த் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். வேறு கவுன்டிகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று நகரத்தின் அப்போதைய தீயணைப்புத் துறைத் தலைவரே சொன்னார். களத்தில் நின்றவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. பக்கத்துக் கவுன்டிகள் ஒன்றுமே செய்யாமல் இருந்தால் நாலு பேர் இங்கே வரத்தான் செய்வார்கள். அதற்கு மருந்து, அவர்களும் அறை திறப்பது. "திறந்தால் கூட்டம் வரும்" என்ற பயத்தில் இருக்கிற அறையையும் பூட்டி வைத்தால், அந்த 24ஆம் தெருக்காரர்தான் முதலில் அடிபடுகிறார்.

2020 மே மாதம் டெண்டர்லாயினில் உள்ள ஒரு சட்டக் கல்லூரியும் அக்கம்பக்கத்தவரும் இந்தக் கூடாரங்களுக்காக நகரத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். ஜூலை 20க்குள் 300 கூடாரங்களை எடுப்பதாக நகரம் ஒப்புக்கொண்டது. அந்த 24ஆம் தெருக்காரரை, நகர மண்டபம் இருக்கும் சிவிக் சென்டர் பக்கம், நூலகத்தை ஒட்டி ஃபுல்டன் தெருவில் வெள்ளைக் கோட்டால் சதுரம் சதுரமாகப் பிரித்திருந்த இடத்துக்கு மாற்றினார்கள். அதே நீலத் தார்ப்பாய், அதே கால்மிதி. ஒரு நாள் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ராத்திரி எழுந்தால் கழிப்பறை பத்தடியில் இருக்கிறது என்றார்.