பிள்ளைகளோடு மண்பாதையில் சைக்கிள்: கேட்டதும் சொன்னதும்

மவுண்டன் பைக் என்றால் பாறை உச்சியிலிருந்து பறக்கும் ஆள்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறார். நான் அந்த ரகம் இல்லை. சிங்கப்பூரில் இருக்கிற நாலைந்து மண்பாதைகளில் பத்து வருடமாகச் சுற்றுகிறேன், அதில் ஏழு வருடம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு. மகளுக்கு இப்போது 9, மகனுக்கு 5. சனிக்கிழமை காலையில் எங்களைப் பார்த்துவிட்டு, நாமும் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கே: மகனுக்கு 20 மாதம். பக்கச் சக்கரம் வைத்த சைக்கிளில் ஆரம்பிக்கலாமா, அக்கா? (பொங்கோல்)

ஆரம்பிக்க இது நல்ல வயதுதான். பக்கச் சக்கரம் மட்டும் வேண்டாம். மண்பாதை மேடும் பள்ளமுமாக இருக்கும். பக்கச் சக்கரம் இரண்டும் இரண்டு மேட்டில் உட்கார்ந்துகொண்டால் பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும். பிள்ளை மிதிக்க மிதிக்கச் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. அதோடு, சைக்கிள் என்பதே சாய்ந்து திரும்புகிற வண்டி. பக்கச் சக்கரம் அந்தச் சாய்வைப் பழக விடாது.

பெடல் இல்லாத பேலன்ஸ் பைக் வாங்குங்கள். 12 அங்குலச் சக்கரம், அதுவும் காற்றடிக்கிற டயராக இருக்கட்டும். ஃபோம் சக்கரம் ஈர வேரின் மேல் சோப்பு மாதிரி வழுக்கும். உள்ளங்கால் முழுதும் தரையில் பதிந்து முட்டி லேசாக மடிகிற உயரத்தில் சீட்டை வையுங்கள். முதல் மாதம் வண்டியை நடுவில் இடுக்கிக்கொண்டு நடப்பான், அவ்வளவுதான். அவசரப்படுத்தாதீர்கள். ஒரு நாள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு உங்களைத் தாண்டிப் போவான். என் மகன் பேலன்ஸ் பைக்கிலிருந்து பெடல் வண்டிக்கு ஒரே மதியத்தில் மாறிவிட்டான்.

கே: பின்னால் மாட்டுகிற குழந்தை சீட் வீட்டில் இருக்கிறது. 3 வயது மகளை அதில் வைத்துக் காட்டுப்பாதையில் போகலாமா? (சுவா சூ காங்)

பூங்கா இணைப்புப் பாதைக்குச் சரி, காட்டுப்பாதைக்குக் கூடாது. குழந்தையின் எடை முழுவதும் பின்சக்கரத்துக்கு மேலே, உயரத்தில் இருக்கிறது. ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும். பள்ளத்தில் இறங்கும்போது நீங்கள் எழுந்து நின்று அதிர்வைக் காலில் வாங்கிக்கொள்வீர்கள், அவள் உட்கார்ந்தபடியே முதுகெலும்பில் வாங்குவாள். அதுவும் உங்கள் முதுகுக்குப் பின்னால். நீங்கள் பார்க்கக்கூட முடியாது.

இதற்கென்றே பெரியவர் சைக்கிளில், உங்கள் கைகளுக்கு நடுவில் மாட்டுகிற சீட் உண்டு. நியூசிலாந்தின் ஷாட்கன், கனடாவின் மேக் ரைடு இரண்டும் பெயர் பெற்றவை. சுமார் 2 முதல் 5 வயதுவரை வைக்கலாம். எடை வரம்பு மாடலுக்கு மாடல் மாறும், 22 கிலோவைத் தொடுகிற பையன் என்றால் பெட்டியில் போட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். கார்பன் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் மாட்டுவதற்குமுன் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். குழந்தைக்கு இடுப்பு வார் கிடையாது என்பதைப் பார்த்ததும் பலர் பயப்படுகிறார்கள். கால் வைக்க மிதி உண்டு, கை பிடிக்க ஹேண்டில்பார் உண்டு, இரண்டு பக்கமும் உங்கள் கை வேலி மாதிரி நிற்கும். ஆனால் தூங்கி விழுகிற பிள்ளைக்கு இது ஆகாது. தலை ஒரு தடவை ஆடினாலும் இறங்கிவிடுங்கள். நான் ஒருமுறை மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளியபடி ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்திருக்கிறேன்.

ஒரு வயது ஆகாத குழந்தையை எந்தச் சீட்டிலும் வைக்காதீர்கள். தலையைத் தாங்கும் பலம் கழுத்துக்கு வந்திருக்காது.

கே: 7 வயது மகனுக்கு முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த 20 அங்குல சைக்கிள் மலிவாகக் கிடைக்கிறது. எடை 14 கிலோ. வாங்கலாமா?

பையன் எவ்வளவு எடை? 22 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 70 கிலோ இருக்கிற நீங்கள் 45 கிலோ சைக்கிளை மேட்டில் மிதிப்பதும் அவன் இதை மிதிப்பதும் ஒன்று. அந்த ஸ்பிரிங்கும் 22 கிலோவுக்கு அசையாது. சந்தேகமாக இருந்தால் கடையிலேயே அவனை உட்காரவைத்துக் குதிக்கச் சொல்லிப் பாருங்கள். ஆக, வேலை செய்யாத இரும்பைச் சுமக்கத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

அந்த வயதுக்குச் சஸ்பென்ஷனே தேவையில்லை. 2 அங்குல அகல டயர், காற்றைக் குறைத்து அடித்தது, போதும். டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் காற்றழுத்த அளவு உச்ச வரம்பு. அதையே பார்த்து அடித்தால் பிள்ளை பந்து மாதிரி குதிக்கும். என் மகனுக்கு 12, 13 பிஎஸ்ஐதான் வைக்கிறேன். கட்டைவிரலால் அழுத்தினால் டயர் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். வூம் மாதிரி பிராண்டுகளில் 16 அங்குல வண்டியே 5 கிலோவுக்குச் சற்று மேலேதான் வரும். புதிதாக வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். ஆனால் பிள்ளை வளர்ந்ததும் விற்றுவிடுகிறார்கள் என்பதால் பழைய வண்டி சுலபமாகக் கிடைக்கும். நான் புதிதாக வாங்கியதே இல்லை.

கே: மகளுக்கு 6 வயது. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் காலைத் தேய்த்து நிறுத்துகிறாள். எத்தனை சொல்லியும் கேட்பதில்லை. பயமா, பிடிவாதமா? (தெம்பனீஸ்)

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். முதலில் அவள் கையைப் பாருங்கள்.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. என் மகளை அந்த வயதில் புலாவ் உபின் தீவில் இருக்கும் கேத்தாம் மவுண்டன் பைக் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். சின்ன இறக்கம்தான். "பிரேக், பிரேக்" என்று நான் பின்னால் கத்திக்கொண்டே வர, அவள் நேராகப் போய் லாலாங் புல்லுக்குள் நுழைந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை, புல் கீறியது மட்டும்தான். கோபத்தோடு போய் "ஏன் பிடிக்கலை?" என்றேன். அவள் பதில் சொல்லாமல் பிடித்துக் காட்டினாள். விரலை எட்டும்வரை நீட்டியும் நகக்கண் மட்டும்தான் லீவரின் ஓரத்தில் கொக்கி போட்டது. இழுத்ததில் நகம் வெளுத்துவிட்டது, லீவர் அசையவில்லை. அந்த வண்டியை வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. அதுவரை அவள் கையை நான் பார்த்ததே இல்லை.

லீவர் ஹேண்டில்பாரில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னத் திருகு ஒன்று இருக்கும். பெரும்பாலும் 2 மி.மீ. ஆலன் கீ போதும். அதை உள்ளே திருகினால் லீவர் கைப்பிடிக்குக் கிட்டே வரும். ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு லீவரில் உட்கார வேண்டும், அதுதான் அளவு. கிட்டே வந்தபிறகும் இழுக்கக் கடினமாக இருந்தால் கேபிளை மாற்றுங்கள். துருப்பிடித்த கேபிள் பெரியவர் கைக்குத் தெரியாது, பிள்ளை கைக்குத் தெரியும்.

பெடலைப் பின்னால் மிதித்து நிறுத்துகிற பிரேக் என்றால் காட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். இறக்கத்தில் இரண்டு பெடலையும் சமமாக வைத்து, சீட்டிலிருந்து எழுந்து நிற்பதுதான் முதல் பாடம். நிறுத்தவே பெடலைச் சுற்ற வேண்டுமென்றால் அந்தப் பாடம் எப்படி வரும்?

கே: சிங்கப்பூரில் எங்கே போவது? வரிசையாகச் சொல்லுங்களேன்.

பேலன்ஸ் பைக்குக்கு ரயில் பாதை. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கி.மீ. ஓடுகிற பழைய மலாயா ரயில் தடம். 2011இல் ரயில் நின்றபிறகு நடைக்கும் சைக்கிளுக்கும் விட்டுவிட்டார்கள். ரயில் ஓடிய இடம் என்பதால் ஏற்றமே தெரியாது. நடப்பவர்கள் நிறைய, மணி வைத்துக்கொள்ளுங்கள். மலாயா ரயில்வேயில் ஒரு காலத்தில் தமிழர்கள் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். என் மாமனாரின் அப்பாவும் ஒருவர். புக்கிட் தீமா இரும்புப் பாலம் வந்தால் என் மகன் வண்டியை நிறுத்தி "கொள்ளுத் தாத்தா பாலம்" என்பான். அவர் எந்தப் பாலத்தில் நின்றாரோ, நான் திருத்துவதில்லை.

அடுத்தது செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா. 81 ஹெக்டர், 8 கி.மீ.க்குச் சற்று அதிகமான சைக்கிள் பாதை. நடப்பவர்களுக்குத் தனிப் பாதை இருப்பதால் நாய், தாத்தா, தள்ளுவண்டி என்று எதையும் இடிக்கிற பயம் இல்லை. ஐந்து வயதுக்காரர்களுக்கு நான் முதலில் காட்டுவது அங்கிருக்கும் பம்ப் டிராக். அலை அலையாக மண்மேடு போட்ட சின்ன வளையம் அது. பெடல் போடாமல் உடம்பை மட்டும் ஏற்றி இறக்கி வேகம் எடுக்க வேண்டும். மூன்று வாரம் அதில் விட்டால் காட்டுப்பாதைக்கு வேண்டியதில் பாதி தானாக வந்துவிடும்.

பிறகு கேத்தாம். 2008இல் திறந்தது, பழைய கருங்கல் குவாரியைச் சுற்றிச் சுமார் 10 கி.மீ. பாதை எவ்வளவு கடினம் என்று காட்டும் பலகையில் நீலச் சதுரம் போட்ட பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கறுப்பு வைரம் ஒன்று என்றால் கடினம், இரண்டு என்றால் உங்களுக்கே வேண்டாம். புக்கிட் தீமா பாதை வேரும் கல்லுமாக இருக்கும். மகளுக்கு 8 வயது ஆகும்வரை அங்கே கூட்டிப் போகவில்லை.

எம்ஆர்டி ரயிலில் மடிக்கிற சைக்கிளைத்தான் ஏற்றவிடுவார்கள், அதனால் கார் இல்லாதவர்களுக்கு உபின்தான் வசதி. சாங்கி படகுத்துறைக்கு பஸ்ஸில் போய், 12 பேர் சேர்ந்ததும் கிளம்புகிற படகில் ஏறி, கிராமத்தில் வண்டி வாடகைக்கு எடுக்கலாம். எடுப்பதற்குமுன் பிரேக்கைப் பாருங்கள், மேலே சொன்ன மாதிரி.

கே: உபினில் காட்டுப்பன்றி இருக்கிறதாமே?

இருக்கிறது, படகுத்துறைப் பக்கமே பார்க்கலாம். குட்டியோடு இருந்தால் கிட்டே போகாதீர்கள். பிள்ளை வீலென்று கத்தி ஓடக்கூடாது, வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்கினால் அது பாட்டுக்குப் போய்விடும். எனக்குப் பன்றியைவிடக் குரங்குதான் தொல்லை. பிளாஸ்டிக் பை சரசரத்தால் சாப்பாடு என்று அதற்குத் தெரியும். எங்கள் பொடி இட்லியை டப்பாவோடு கொண்டுபோய், மரத்தில் உட்கார்ந்து, மிளகாய்ப்பொடிக்கு முகம் சுளித்துக்கொண்டே தின்றது. நாமாக எதையும் கொடுக்கக்கூடாது, சட்டப்படி குற்றம்.

கே: மகளுக்கு நீளமான முடி. ஹெல்மெட் நிற்கமாட்டேன் என்கிறது.

உச்சியில் குதிரைவால் போட்டால் ஹெல்மெட் முன்னால் சரிந்து கண்ணை மறைக்கும். கழுத்தோடு தாழ்வாக ரெட்டைச் சடை பின்னி, நுனியைச் சட்டைக்குள் விடுங்கள். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம், காதுக்குக் கீழே வார் இரண்டும் சேர வேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல். கிளிப் மாட்டும்போது தாடைத் தோலுக்கு அடியில் உங்கள் விரலை வையுங்கள். ஒரு தடவை தோல் கடிபட்டால் ஒரு வருடத்துக்கு ஹெல்மெட் சண்டைதான். சாலையில் போனால்தான் இங்கே சட்டம் கட்டாயம் என்கிறது (2019இலிருந்து). காட்டில் மரத்துக்கு அந்த விவரம் தெரியாது. பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கே: நான் வாரம் 40 கி.மீ. ஓட்டுபவன். மகனைக் (6) கூட்டிப் போனால் 3 கி.மீ.இல் அழுகிறான். எப்படிப் பழக்குவது? (செங்காங்)

தம்பி, 3 கி.மீ. நல்ல தூரம். அவன் அழுவதற்கு முந்தின நிமிடம், அதாவது இரண்டரை கிலோமீட்டரில், நீங்களே "போதும்டா, வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள். "இன்னும் கொஞ்சம்" என்பான். அடுத்த வாரம் அவனே ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு வருவான். உங்கள் 40 கிலோமீட்டரை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே காலையில் முடிக்கப் பார்க்கிற அப்பாக்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். பாதி வழியில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏற்றத்துக்கு மட்டும் நீளுகிற இழுவைக் கயிறு வாங்கலாம். உங்கள் சீட்டுக்குக் கீழே ஒரு முனை, அவன் ஹேண்டில்பாரில் ஒரு முனை. மேட்டில் ஏறியதும் கழற்றிவிடுங்கள், இறக்கத்தில் கயிறு கூடவே கூடாது.

கே: நாங்கள் கோயம்புத்தூர். ஆனைகட்டிப் பக்கம் காட்டுக்குள் ஓட்டலாமா?

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே தப்பு. அதுவும் யானை நடமாடுகிற பக்கம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு யோசிக்கவே வேண்டாம். ஊர்க் குளங்களின் கரையும் தென்னந்தோப்பு மண்தடமும் உங்களுக்குப் போதும்.

கே: மழை பெய்தால்?

இடி கேட்டால் கூரைக்குக் கீழே போய்விடுங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் இருங்கள். நின்றபிறகும் சேற்றில் ஓட்டினால் பாதை குழி விழுந்துவிடும். நனைந்த வேரை நேர்க்குறுக்காகத் தாண்டச் சொல்லுங்கள், அதன் மேலேயே சாய்ந்து போனால் வழுக்கும்.

கே: 5 வயது மகள் ஒருமுறை விழுந்தாள். முட்டியில் இரண்டு தையல். இப்போது சைக்கிளைப் பார்த்தாலே அழுகை. என்ன செய்யலாம், அக்கா?

வண்டியைக் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள், பேச்சை எடுக்காதீர்கள். காயம் ஆறட்டும். என் மகன் விழுந்தபோது மூன்று வாரம் தொடவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்து அவன் வண்டியின் சங்கிலிக்கு எண்ணெய் விட ஆரம்பித்தேன். துணியைப் பிடிக்கக் கூப்பிட்டேன், வந்தான். அடுத்த நாள் டயருக்குக் காற்றடித்தோம். மூன்றாம் நாள் முட்டிக் காப்பைத் தானே மாட்டிக்கொண்டு, "கீழே மட்டும், காடு வேண்டாம்" என்று நிபந்தனை போட்டான். சரி என்றேன். கீழே மட்டும்தான் போனோம். ஒன்றரை மாதம் கீழே மட்டும்தான் போனோம்.