முதல் முறை காண்டாக்ட் லென்ஸ்: பயப்பட வேண்டிய இடம் வேறு

நான் கண் மருத்துவர் அல்ல, ஆப்டோமெட்ரிஸ்ட். பார்வையை அளந்து, லென்ஸ் பொருத்தி, அதை வைக்கவும் கழற்றவும் கற்றுக்கொடுப்பது என் வேலை. தன் கண்ணைத் தானே தொட மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்களைச் சம்மதிக்க வைப்பதே பிழைப்பாகிவிட்டது. கேள்விகள் இருந்தால் அனுப்புங்கள் என்றேன்; வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

மேடம், நேற்றுதான் லென்ஸ் வாங்கினேன். கண்ணாடி முன் நாற்பது நிமிடம் நின்றேன். விரல் அருகே வந்ததுமே இமை மூடிக்கொள்கிறது. கண் சிவந்ததுதான் மிச்சம். எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. இமை தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். கண்ணை இமை காப்பது போல என்று சும்மாவா சொன்னார்கள்? இமை முடியில் எது பட்டாலும் கண் மூடும். அதை மன உறுதியால் அடக்க முடியாது. கையால் பிடித்துத்தான் நிறுத்த வேண்டும்.

மூடுகிற வேலையைப் பெரும்பாலும் செய்வது மேல் இமை. புதியவர்களோ கீழ் இமையை மட்டும் இழுத்துப் பிடித்துவிட்டு மேல் இமையைச் சும்மா விட்டுவிடுகிறார்கள். லென்ஸ் உங்கள் வலக்கை ஆள்காட்டி விரல் நுனியில் இருக்கட்டும். அதே கையின் நடுவிரல் கீழ் இமையைக் கீழே இழுக்கட்டும். இடக்கையை நெற்றிப் பக்கமிருந்து கொண்டுவந்து, மேல் இமையை முடியின் வேரடியிலேயே பிடித்துப் புருவ எலும்போடு சேர்த்து அழுத்துங்கள். இமைத் தோலின் நடுவில் பிடித்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வேரடியில் பிடித்தால் அது மூட முயன்றாலும் முடியாது.

மற்றொரு கண்ணையும் திறந்தே வைத்திருங்கள். ஒரு கண்ணை மூடினால் இன்னொன்றும் கூடவே மூடப் பார்க்கும். வருகிற விரலைப் பார்க்காமல், எதிரே கண்ணாடியில் தெரியும் உங்கள் மற்றொரு கண்ணைப் பாருங்கள். லென்ஸை அழுத்தத் தேவையில்லை. கருவிழியில் பட்டால் போதும், கண்ணீர்ப் படலம் அதை வாங்கிக்கொள்ளும். பிறகு மெதுவாகக் கீழே பார்த்து, முதலில் கீழ் இமையையும் அடுத்து மேல் இமையையும் விடுங்கள். எல்லோரும் வெற்றிக் களிப்பில் படாரென்று விட்டு இறுக்கி மூடுவார்கள். லென்ஸ் கன்னத்தில் கிடக்கும்.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். சிவந்து கலங்கிய கண்ணோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. நகம் வெட்டி, கை கழுவித் துடைத்து, லென்ஸ் இல்லாமல் விரல் நுனியால் கண்ணின் வெள்ளைப் பகுதியைத் தொட்டுப் பழகுங்கள். இரண்டு நாளில் விரல் வந்தால் கண் பதறாது.

லென்ஸ் கண்ணில் ஒட்டாமல் விரலோடு திரும்பி வந்துவிடுகிறது.

உங்கள் விரல் ஈரமாக இருக்கிறது. மெல்லிய லென்ஸ் எங்கே ஈரம் அதிகமோ அங்கே போய் ஒட்டும். விரல் நுனி பளபளத்தால் அது விரலை விடாது. கையைத் துடைத்துவிட்டு, லென்ஸை ஒரு நொடி உள்ளங்கையில் வைத்துச் சொட்டும் கரைசலை வடியவிட்டு, விரலின் நுனியில் மட்டும் கிண்ணம் போல் நிற்க வையுங்கள். ரேகைப் பகுதி முழுவதும் படிய வைத்தாலும் இதே தொல்லைதான். அதற்காக வெகுநேரம் காற்றில் பிடித்துக்கொண்டிருந்தால் ஓரம் காய்ந்து சுருளும்.

எந்தப் பக்கம் உள், எந்தப் பக்கம் வெளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விரலில் வைத்துக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பாருங்கள். ஓரம் நேராக மேல்நோக்கி நின்றால், கிண்ணம் போல, சரி. சாம்பிராணித் தட்டு போல ஓரம் வெளியே விரிந்தால் தலைகீழ். சந்தேகம் தீரவில்லை என்றால் இரண்டு விரலால் லென்ஸின் நடுவை மெல்ல மடியுங்கள்: சரியான லென்ஸின் ஓரங்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே குவியும், தலைகீழானது விரலைச் சுற்றி வெளியே மடங்கும். சில லென்ஸ்களில் சிறிய எழுத்தோ எண்ணோ அச்சிட்டிருப்பார்கள். அது நேராகத் தெரிய வேண்டும். தலைகீழாக வைத்துவிட்டாலும் ஆபத்தில்லை. உறுத்தும், நகரும், பார்வை தெளியாது. கழற்றித் திருப்பி வைத்தால் சரி.

அக்கா, லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய் மூளைப் பக்கம் மாட்டிக்கொள்ளும் என்று என் தோழி சொன்னாள். அன்றிலிருந்து தூக்கமில்லை.

நிம்மதியாகத் தூங்குங்கள் (லென்ஸைக் கழற்றிவிட்டு). இமையின் உட்புறத்தில் இருக்கும் மெல்லிய சவ்வு மடிந்து திரும்பி, கண்ணின் வெள்ளைப் பகுதியையும் போர்த்தியிருக்கிறது. சட்டைப் பையின் அடித் தையல் போல அந்த மடிப்பு மூடியே இருக்கும். அதைத் தாண்டிப் போக வழியே கிடையாது.

ஆனால் மேல் இமைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். 2017இல் பிரிட்டனில் 67 வயதுப் பெண் ஒருவருக்குக் கண்புரை அறுவைக்கு முன் பார்த்தபோது ஒரே கண்ணில் 27 லென்ஸ்கள் இருந்ததாக மருத்துவ இதழில் வந்தது. உறுத்தலை வயதின் கோளாறு, கண் வறட்சி என்று அவர் நினைத்திருந்தார். எனவே கண்ணில் காணோம் என்றால் 'எங்கோ விழுந்திருக்கும்' என்று இன்னொன்றை வைத்துவிடாதீர்கள். லென்ஸுக்கான சொட்டு மருந்தை விட்டு, கண்ணை மூடி, இமையின் மேல் மிக மெல்ல நீவுங்கள், கீழே பாருங்கள். பெரும்பாலும் நகர்ந்து வரும். வரவில்லை என்றால் எங்களிடம் வாருங்கள்.

லென்ஸை ஊறப்போடும் கரைசல், அதான் சொல்யூஷன், தீர்ந்துவிட்டது. ஒரே ஒரு இரவு, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் போட்டு வைத்தால் என்ன ஆகிவிடும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தேன். மூளைப் பக்கம் போகுமா என்று நடுங்குகிறவர்கள்கூடத் தண்ணீரைக் கண்டு நடுங்குவதில்லை. நியாயமாகப் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

குழாய்த் தண்ணீரிலும் கிணற்றிலும் நீச்சல் குளத்திலும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிரி இருக்கக்கூடும். குடித்தால் நமக்கு ஒன்றும் ஆகாது. லென்ஸில் ஒட்டிக்கொண்டு கருவிழிக்குப் போனால் கதை வேறு. ஆபத்து வரும்போது கெட்டியான ஓட்டுக்குள் சுருண்டுகொள்ளும் சாமர்த்தியம் அதற்கு உண்டு; குளத்தில் போடும் குளோரினுக்கும் அது அசையாது. தொற்றினால் மாதக்கணக்கில் மருந்து போட வேண்டியிருக்கும். சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை வரை போகும். அபூர்வமான நோய்தான். மேலை நாடுகளில் இந்நோய் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் லென்ஸ் அணிபவர்கள்.

கொதிக்க வைத்த தண்ணீரும் வேண்டாம். ஆறுகிற நேரத்தில் பாத்திரமும் கையும் பட்டு அசுத்தமாகலாம். தவிர, அதில் கண்ணீரில் உள்ள உப்பு இல்லை. மெல்லிய லென்ஸ் அதை உறிஞ்சி உப்பிக் கண்ணை இறுக்கும். சொல்யூஷன் இல்லாத இரவில் ஒரு மாதம் வரை திரும்பத் திரும்ப அணியும் மாத லென்ஸாகவே இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு மூக்குக் கண்ணாடிக்குத் திரும்புவதே வழி. எச்சில் தொட்டு வைப்பதாக இருவர் எழுதியிருக்கிறீர்கள். பெயரைச் சொல்லவில்லை, தப்பித்தீர்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவியபின் நன்றாகத் துடைக்கச் சொல்வதும் தண்ணீருக்குப் பயந்துதான். துவாலை நூல் உதிர்க்காததாக இருக்கட்டும். குளிக்கும்போதும் நீந்தும்போதும் லென்ஸ் வேண்டாம்.

டப்பாவில் நேற்றைய கரைசல் பாதி இருக்கிறது. கொட்ட மனமில்லை. மேலே கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாமா?

கூடாது. நேற்றே அதன் வீரியம் முடிந்துவிட்டது. 2006இல் லென்ஸ் அணிபவர்களிடையே ஃபியூசேரியம் என்ற பூஞ்சைத் தொற்று பரவியபோது, இப்படிப் பழையதன் மேல் புதியதை ஊற்றும் பழக்கமும் அதனுடன் தொடர்புடையதாகத் தெரியவந்தது. காலையில் லென்ஸை எடுத்ததும் டப்பாவைக் கொட்டி, சொல்யூஷனாலேயே அலசி, மூடியைக் கழற்றி, சுத்தமான டிஷ்யூ மேல் கவிழ்த்துக் காயவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டப்பாவையே மாற்றுங்கள். இரவில் லென்ஸை ஊறப்போடும் முன் உள்ளங்கையில் வைத்து, சொல்யூஷன் விட்டு, விரலால் தேய்த்து அலசுங்கள். 'தேய்க்கத் தேவையில்லை' என்று புட்டியில் போட்டிருந்தாலும் தேயுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் வெறும் உப்புக் கரைசல் அலசத்தான் உதவும், கிருமியைக் கொல்லாது.

நண்பனின் சொல்யூஷனை வாங்கி லென்ஸை நனைத்து வைத்தேன். கண்ணில் நெருப்பு வைத்தது போல் இருந்தது. ஏன்?

அனேகமாக அது ஹைட்ரஜன் பெராக்சைடு வகை. மூடி சிவப்பாக இருந்ததா? அது 3 சதவீத பெராக்சைடு. அதனுடன் வரும் தனி டப்பாவில் குறைந்தது ஆறு மணி நேரம் ஊறினால்தான் கண்ணுக்கு ஏற்ற உப்பு நீராக மாறும். அதற்கு முன் கண்ணில் பட்டால் எரிக்கத்தான் செய்யும். இப்படி ஆனால் உடனே லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணை நிறைய உப்புக் கரைசலால் கழுவுங்கள்; அது கைவசம் இல்லை என்றால் தண்ணீரால் கழுவுங்கள். (ஆம், தண்ணீர்தான். லென்ஸ் இல்லாத கண்ணில், அவசரத்துக்கு.) எரிச்சல் தணியாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

கண்ணாடியின் பவர் −6.00. அதே எண்ணில் லென்ஸ் வாங்கிவிட்டேன். தலை வலிக்கிறது.

கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் கண்ணின் மேலேயே இருக்கிறது. 4.00க்கு மேற்பட்ட பவரில் இந்தச் சிறிய தூரமே கணக்கை மாற்றிவிடும். உங்களுக்கு −5.50 அளவில் போதுமானதாக இருக்கலாம். பவர் மட்டுமல்ல, லென்ஸின் வளைவும் விட்டமும் உங்கள் கண்ணுக்குப் பொருந்த வேண்டும். செருப்பு வாங்கவே காலை நுழைத்துப் பார்க்கிறோம்.

கல்யாண வீட்டுக்காகத் தங்கையின் கலர் லென்ஸை ஒரு நாள் போட்டுக்கொள்ளலாமா? பவர் கிடையாது, வெறும் அழகுக்குத்தான்.

வேண்டாம். பவர் இல்லாவிட்டாலும் அது கருவிழி மேல் உட்காரும் பொருள்தான். இன்னொருவர் கண்ணில் இருந்தது வேறு. ஒப்பனை செய்பவர்கள் லென்ஸை வைத்த பிறகு மை தீட்டுங்கள். இரவில் லென்ஸைக் கழற்றிய பிறகு மையைக் கலையுங்கள்.

அடுப்பின் சூட்டில் லென்ஸ் உருகிக் கண்ணோடு ஒட்டிவிடும் என்கிறார்களே?

புரளி. மெல்லிய லென்ஸ்கள் வந்த புதிதில் அவற்றைச் சூடாக்கித்தான் கிருமி நீக்கினார்கள், உருகவில்லை.

பயணத்தில் அரை மணி நேரம் அசந்துவிட்டேன், லென்ஸோடு.

கருவிழியில் ரத்த நாளம் இல்லை. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து நேரடியாக வாங்கிக்கொள்கிறது. லென்ஸ் ஒரு மறைப்பு, மூடிய இமை இன்னொரு மறைப்பு. லென்ஸோடு உறங்குகிறவர்களுக்குக் கருவிழித் தொற்று வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. ஒரு நாள் தவறிவிட்டது, போகட்டும். விழித்ததும் பிடுங்காமல், சொட்டு மருந்து விட்டு, லென்ஸ் நகரத் தொடங்கிய பின் கழற்றுங்கள். அன்று முழுவதும் கண்ணாடியே போதும்.

லேசாகச் சிவந்திருக்கிறது, வெளிச்சம் பார்த்தால் கூசுகிறது. நாளை வரை பார்க்கலாமா?

வேண்டாம். லென்ஸை இப்போதே கழற்றுங்கள். வலி, சிவப்பு, கூச்சம், மங்கல், பீளை இவற்றில் ஒன்று இருந்து, கழற்றிய பிறகும் தணியவில்லை என்றால் இன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். லென்ஸையும் டப்பாவையும் தூக்கிப் போடாமல் கூடவே கொண்டுபோங்கள். கிருமியைக் கண்டுபிடிக்க உதவும். வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தை விட்டுக்கொள்ளாதீர்கள்; அதில் ஸ்டீராய்டு இருந்தால் தொற்றை மோசமாக்கிவிடும்.

மேடம், முதல் கேள்வி கேட்டவன் நான்தான். மேல் இமையை வேரடியில் பிடித்தேன். இரண்டு கண்ணிலும் வைத்துவிட்டேன்! ஆனால் இப்போது வலது கண்ணிலிருந்து கழற்ற வரவில்லை. கிள்ளிக் கிள்ளி வலிக்கிறது.

முதலில் கிள்ளுவதை நிறுத்துங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, எட்ட இருக்கும் எழுத்து எதையாவது படித்துப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் லென்ஸ் கண்ணில் இல்லாமலே இருக்கலாம். விழுந்துபோன லென்ஸைத் தேடி வெறும் கருவிழியைக் கிள்ளிப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். சட்டையிலும் மேசையிலும் தேடுங்கள்; இமைக்கடியில் ஒளிந்திருந்தால் என்ன செய்வது என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

தெளிவாகத் தெரிந்தால் லென்ஸ் இருக்கிறது, காய்ந்திருக்கிறது. இரண்டு சொட்டு விட்டுச் சில நிமிடம் இமைத்துக்கொண்டிருங்கள். கையைத் துடைத்துக்கொண்டு, மேலே பார்த்து, ஆள்காட்டி விரலால் லென்ஸைக் கருவிழியிலிருந்து கீழே வெள்ளைப் பகுதிக்கு இழுங்கள். அங்கே வைத்து, நகம் படாமல் இரண்டு விரல்களின் சதைப்பகுதியால் மெல்லக் கிள்ளினால் மடிந்து வந்துவிடும். எடுத்ததும் ஓரம் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். நாளைக்கு நான்கு மணி நேரம் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். எப்போதும் வலது கண்ணிலேயே தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் இரண்டும் மாறிவிடும்.