அண்ணாச்சி பதில்கள்: இடவப்பாதி மழைக்குத் தாங்கும் பைனாகுலர்

கேள்வி: அண்ணாச்சி, குலசேகரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் நான். மூன்று வருடமாகப் பறவை பார்க்கிறேன். மாதம் ஒரு தடவை தேரூர் குளம் அல்லது மணக்குடி. மழை விட்டால் பேச்சிப்பாறைப் பக்கம் நடை. ஆன்லைனில் வாங்கிய ‘60x60’ பைனாகுலர் முதல் மழையிலேயே உள்ளே ஆவி பிடித்துவிட்டது. இனி வாங்குவது பத்து வருடமாவது உழைக்க வேண்டும். கண்ணாடி போடுகிறவள். 15,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். கடைக்காரர் 10x50 எடுங்கள் என்கிறார், மகன் 8x42 போதும் என்கிறான். எதை வாங்க?

பதில்: மகன் சொல்வதைக் கேளுங்கள் டீச்சர். கடைக்காரரும் உங்களை ஏமாற்றவில்லை, 10x50 நல்ல சாமான்தான். ஆனால் ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் எடை வரும். மேடு ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு அதைத் தூக்கிப் பிடித்தால், மரத்தில் கருமந்தி ஆடுகிறதா உங்கள் கை ஆடுகிறதா என்று தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கருவி, கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கித்தான் காட்டும்.

முதலில் அந்த 60x60 கதையை முடித்துவிடுவோம். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது, முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். பைனாகுலரை ஒரு முழம் தள்ளி வெளிச்சமான வானத்துக்கு நேரே பிடியுங்கள். கண் வைக்கும் பக்கத்தில் வட்டமாக ஒரு வெளிச்சப் பொட்டு தெரியும். அதை ஸ்கேலால் அளந்து, முன் லென்ஸின் விட்டத்தை அந்த அளவால் வகுத்துப் பாருங்கள். உங்களுடையதைப் போன்ற ஒன்று என் கடைக்கு வந்தது. முன் லென்ஸ் 35, பொட்டு 4. எழுதியிருந்தது அறுபது, கணக்கில் ஒன்பதுகூட வரவில்லை.

அந்தப் பொட்டை இன்னும் கொஞ்சம் கவனியுங்கள். 8x42-ல் அது 5.25 மி.மீ. இளவட்டத்தின் கண்மணி இருட்டில் 7 மி.மீ. வரை விரியும், அறுபது தாண்டிய நமக்கு 5-ஐ ஒட்டி நின்றுவிடும். ஆகவே விடிகாலைத் தேரூரின் மங்கல் வெளிச்சத்துக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி. பொட்டு முழு வட்டமாக இல்லாமல் ஓரம் வெட்டினாற்போலச் சாம்பல் நிறத்தில் இருந்தால், உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் பிரிசம் மலிவுக் கண்ணாடி. BAK4 (நல்ல ரகப் பிரிசக் கண்ணாடி) என்று பெட்டியில் அச்சடித்திருப்பதைவிட இந்தப் பொட்டை நம்பலாம்.

சரி, உழைப்பு விஷயத்துக்கு வருவோம். நாகர்கோவிலில் 35 வருடம் கண்ணாடி, கேமரா, பைனாகுலர் பழுது பார்த்தவன் நான். பாறையில் விழுந்து உடைந்து வந்தவற்றைவிட ஈரத்தில் கெட்டு வந்தவையே அதிகம். நம் மாவட்டத்துக்கு இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலா மழை என்ற வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மழை இல்லாத மாதத்தில் உப்புக் காற்று. வேறு ஊரில் இருபது வருடம் கிடக்கும் பைனாகுலருக்கு இங்கே ஐந்து வருடத்தில் பூசணம் பிடிக்கும்.

நானே பட்டிருக்கிறேன். அரபு நாட்டிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் ஆசைப்பட்டு வாங்கிய பைனாகுலர் ஒன்று. பத்திரமாக இருக்கட்டும் என்று அதன் தோல் உறையிலேயே போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஜூனில் வைத்தது, திறந்தது டிசம்பரில். உறை முழுக்கப் பச்சைப் பூசணம், லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூசணம். ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன கடைக்காரன் நான்! ஈரம் குடித்த தோலும் துணியும் பூசணத்துக்குச் சோறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அது தோள் பட்டை அகன்ற பழைய மாடல், போரோ என்பார்கள். அதில் ஃபோகஸ் சக்கரத்தைத் திருகும்போதெல்லாம் கண் பக்கக் குழாய்கள் வெளியே வந்து உள்ளே போகும், சைக்கிள் பம்ப் மாதிரி. ஒவ்வொரு திருகலுக்கும் ஊர்க் காற்று உள்ளே போகிறது, ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு. காசுக்குக் காசு பார்த்தால் போரோவில் படம் நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. வறண்ட ஊர்க்காரர் கேட்டிருந்தால் அதையே சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு வேண்டியது ரூஃப் பிரிசம் வகை. இரண்டு நேர்க்குழாய் போல இருக்கும். ஃபோகஸ் லென்ஸ் உள்ளுக்குள்ளேயே நகரும். வெளியே ரப்பர் வளையம் போட்டு அடைத்து, உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருப்பார்கள். அதில் ஈரம் கிடையாது, ஆகவே உள்ளே ஆவி பிடிக்காது, பூசணத்துக்கும் வழியில்லை. பெட்டியில் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று மட்டும் இருந்தால் தூறலுக்குத்தான் ஆகும். ‘வாட்டர் ப்ரூஃப்’ என்பதோடு நைட்ரஜன் அல்லது ஆர்கான் என்றும் போட்டிருக்க வேண்டும். IPX7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் வெளிப் பக்கம் ஆவி படிவது எந்த விலைக் கண்ணாடிக்கும் நடக்கும். இரண்டு நிமிடம் பொறுத்தால் போய்விடும்.

கண்ணாடி போடுகிறவர்கள் ‘ஐ ரிலீஃப்’ எத்தனை என்று கேட்காமல் காசு கொடுக்கக் கூடாது. கண் பக்க லென்ஸிலிருந்து எவ்வளவு தூரம் வரை கண்ணைத் தள்ளி வைத்தால் முழுக் காட்சியும் கிடைக்கும் என்ற அளவு அது. 15 மி.மீ.க்குக் குறைந்தால் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போல இருக்கும். 17, 18 இருந்தால் நிம்மதி. கண் பக்க ரப்பர் கிண்ணத்தைக் கீழே திருகி வைத்துக்கொண்டு பாருங்கள். கிட்டப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸிலேயே சரிசெய்துகொள்ளலாம். சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாடிசத்துக்குக் கொடுக்கும் பவர்) இருந்தால் அது நடக்காது.

பெயர் சொல் என்பீர்கள். நிக்கான் புரோஸ்டாஃப் பி3, 8x42. நைட்ரஜன் உண்டு, எடை 600 கிராமுக்குள், ஐ ரிலீஃப் 20 மி.மீ. கையில் கூடுதலாகக் காசு இருந்தால் அதே கம்பெனியின் மோனார்க் எம்5; நிறம் இன்னும் சுத்தமாகத் தெரியும். இவற்றோடு அக்குலான் என்றும் ஒன்றைக் காட்டுவார்கள். விலை குறைவு, படமும் நல்ல படம், ஆனால் போரோ, மழைக்கு ஆகாது. ஜூம் பைனாகுலர் பக்கமே போகாதீர்கள். பார்வைப் பரப்பு குறுகும், அசையும் பாகம் கூடும், அசைகிற இடமெல்லாம் ஈரத்துக்கு வாசல்.

கடைக்குள் டியூப் லைட்டில் பார்த்து வாங்காதீர்கள். வெளியே வந்து தூரத்து மின்கம்பியைப் பார்த்து, ஒரு கண்ணை மூடி மூடித் திறங்கள். கம்பி மேலும் கீழும் குதித்தால் இரண்டு குழாயும் ஒரே பக்கம் பார்க்கவில்லை. அது தலைவலிக் கண்ணாடி. முடிந்தால் முப்பந்தல் பக்கம் நின்று வானத்தை ஒட்டிய காற்றாலை இறக்கையைப் பாருங்கள். வெள்ளை ஓரத்தில் ஊதா விளிம்பு தடிமனாகத் தெரிந்தால் லென்ஸ் சுமார்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. ஆறு கடலில் சேரும் மணக்குடிப் பொழியிலிருந்து வந்தால் முதலில் மணலை ஊதித் தள்ளி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பைத் துடையுங்கள். லென்ஸை முந்தானையால் துடைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள் டீச்சர். ஒரு மணல் துகள் போதும், பூச்சில் கீறல் விழ. கொசு மருந்து தடவிய கையோடும் தொடாதீர்கள். சிலவற்றில் இருக்கும் டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். வீட்டில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். நீலம் வெளிறி ரோஸ் ஆனால் சூடாக்கி ஈரம் போக்கிவிட்டுத் திரும்பப் போடலாம்.

தேரூர் இப்போது முக்கியமான ஈரநிலங்களின் உலகப் பட்டியலான ராம்சார் பட்டியலில் இருக்கிறது, 2022-ல் சேர்ந்தது. அங்கே சங்குவளை நாரைகளைப் புதுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, குளச்சலிலிருந்து எழுதுகிறேன். அப்பா படகில் வைத்திருந்த 7x50 பைனாகுலர் என்னிடம் இருக்கிறது. உள்ளே வலை போல ஏதோ படர்ந்திருக்கிறது. வெயிலில் வைத்தால் போகும் என்கிறார்கள். நானே திறந்து துடைக்கலாமா?

பதில்: திறக்காதே தம்பி. உள்ளே இருக்கும் பிரிசங்கள் இழை கூடப் பிசகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். திறந்து மூடினால் ஒரு படகு இரண்டு படகாகத் தெரியும். வெயில் பூசணத்தைக் கொல்லலாம், ஆனால் வலை அப்படியே கிடக்கும். நல்ல மெக்கானிக்கிடம் கொடு. கண்ணாடி மேல் பூச்சை அது அரித்திருந்தால் துடைத்த பிறகும் தடம் இருக்கும், அதற்கு மருந்து இல்லை.

தூக்கி மட்டும் எறிந்துவிடாதே. கடலில் 7x50 வைத்திருப்பது சும்மா இல்லை. வெளிச்சப் பொட்டு 7 மி.மீ.க்கு மேல் இருப்பதால் படகு உருளும்போதும் கண் காட்சியை விட்டு விலகாது. உன் அப்பா விவரமானவர்.

கேள்வி: அண்ணாச்சி தாத்தா, நான் ஏழாம் வகுப்பு, ஊர் கொட்டாரம். கன்னியாகுமரியில் சூரிய உதயத்தை பைனாகுலரில் பார்க்கலாமா?

பதில்: கூடாது மக்களே. சிவப்பாக, குளிர்ந்த மாதிரி தெரிந்தாலும் கூடாது. அந்தச் சின்ன வட்டம் கண்ணின் உள்திரையைச் சுட்டுவிடும், சுடும்போது வலிக்காது. சித்ரா பௌர்ணமி மாலையில் கடற்கரைக்குப் போ. எல்லாரும் மேற்கே சூரியன் இறங்குவதைப் பார்ப்பார்கள். நீ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே எழும் நிலாவைப் பைனாகுலரில் பார். பள்ளம் மேடெல்லாம் தெரிய வேண்டுமென்றால் பௌர்ணமி சரிப்படாது, அரை நிலா நாளில் மொட்டைமாடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்.