'எரோ' கப்பலின் மாதிரி: 172 அடியா, 183 அடியா?

கேள்வி: 1783இல் கடலூருக்கு அப்பால் நடந்த கடற்போரில் இருந்த, பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனின் 'எரோ' என்ற 74 பீரங்கிக் கப்பலை 1:100 அளவில் மரத்தில் செய்துவருகிறேன். என்னிடமுள்ள 74 பீரங்கிக் கப்பலின் வரைபடத்தில் நீளம் 172 அடி என்றும், ஓர் ஆங்கில நூலில் 183 அடி என்றும், வேறோரிடத்தில் 55.87 மீட்டர் என்றும் உள்ளது. எதை நம்புவது? லில்லிப் பூக்கள் பதித்த கொடியைப் பறக்கவிடலாமா?

பதில்: மூன்றும் ஒரே நீளம்தான். புரட்சிக்கு முந்தைய பிரெஞ்சுக் கப்பல்துறைகள் அரச அடியில் அளந்தன. அந்த அடி 32.48 சென்டிமீட்டர், ஆங்கில அடியோ 30.48 சென்டிமீட்டர். ஆகவே பிரெஞ்சு அளவில் 172 அடி என்பது 55.87 மீட்டராகவும், ஆங்கில அளவில் ஏறத்தாழ 183 அடியாகவும் ஆகிறது. 172ஐ ஆங்கில அடியாக எடுத்துக்கொண்டால் கப்பல் 52.4 மீட்டராகக் குறுகி, உங்கள் மாதிரியில் மூன்றரை சென்டிமீட்டர் காணாமல் போகும். அங்குலத்திலும் இதே வேறுபாடு உண்டு. பிரெஞ்சு அங்குலம் 27.07 மில்லிமீட்டர்.

பீரங்கிகளுக்கும் இது பொருந்தும். பிரெஞ்சு 74 பீரங்கிக் கப்பலின் கீழ்த்தட்டில் 28 முப்பத்தாறு பவுண்டுப் பீரங்கிகளும், மேல்தட்டில் 30 பதினெட்டுப் பவுண்டுப் பீரங்கிகளும், முன்னும் பின்னும் உயர்ந்திருக்கும் தட்டுகளில் 16 எட்டுப் பவுண்டுப் பீரங்கிகளும் இருந்தன. குண்டின் எடையைக் குறிக்கும் அந்தப் பிரெஞ்சுப் பவுண்டு 489.5 கிராம் என்பதால் பெரிய குண்டின் எடை 17.6 கிலோ, எதிரில் நின்ற ஆங்கிலேயரின் 32 பவுண்டுக் குண்டு 14.5 கிலோ மட்டுமே. கீழ்த்தட்டுப் பீரங்கியின் குழல் துளை சுமார் 175 மில்லிமீட்டர். உங்கள் அளவில் 1.75 மில்லிமீட்டர். ஆங்கிலக் கப்பல்களுக்கென்று விற்கப்படும் குழல்களை இங்கே பொருத்தாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அளவுக் குழப்பத்தைவிட இதுவே பெரிய சிக்கல். 172 அடி நீளம் என்பது ழாக்-நோயல் சானே 1782இல் வகுத்த வடிவத்தின் அளவு. 'தெமரேர்' வகை எனப்படும் அந்த வடிவத்தில் அடுத்த முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கட்டப்பட்டதால், 74 பீரங்கிக் கப்பல் என்று தேடுபவர் கையில் பெரும்பாலும் அதுவே வந்து விழுகிறது. 'எரோ' அதற்கு முன்பே, 1778இல், தூலோன் துறைமுகத்தில் நீரில் இறக்கப்பட்ட கப்பல். அந்தத் தலைமுறைக் கப்பல்கள் பொதுவாகச் சில அடிகள் குறைவானவை. 1770களின் வரைபடம் ஒன்றைத் தேடிப் பெறுவதே சிறந்தது. மரவேலை வெகுதூரம் சென்றுவிட்டதென்றால், பெயர்ப்பலகையில் 'எரோ' என்று எழுதாமல் 'சானே வடிவ 74 பீரங்கிக் கப்பல்' என்று எழுதுவதுதான் நேர்மை. பிற்கால வரைபடங்களில் பின்புற மேல்தளத்தில் குட்டையான குழல்கள் சில காட்டப்பட்டிருக்கும். அவை 1787இல்தான் பிரெஞ்சுக் கடற்படைக்கு வந்தவை, நீக்கிவிடுங்கள்.

கொடியைப் பொறுத்தவரை, புரட்சிக்கு முன் பிரான்சை ஆண்ட போர்பன் மன்னர்களின் போர்க்கப்பல் எந்தச் சின்னமும் இல்லாத வெள்ளைக் கொடியைப் பறக்கவிட்டது. லில்லிப் பூக்கள் நிறைந்த கொடி பல மாதிரிகளில் அழகுக்காக ஏற்றப்படுகிறது. போரில் நிற்கும் கப்பலுக்கு அது வேண்டாம். மூவர்ணக் கொடி கடற்படைக்கு 1794இல்தான் வந்தது. பீரங்கி வாயில் மூடிகளைச் சதுரங்கக் கட்டம்போல் மஞ்சளும் கறுப்புமாகக் காட்டும் வண்ணமும் பிற்கால ஆங்கில வழக்கமே.

மாதிரி எந்த நாளின் கப்பலைக் காட்ட வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாய்மரங்களே அதைப் பொறுத்து மாறுகின்றன. 1782 ஏப்ரல் 12 அன்று இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் நடந்த போரில் 'எரோ' முன்மரத்தின் மேற்பகுதியை இழந்ததால், சுஃப்ரேன் நடுப்போரிலேயே 'அஜாக்ஸ்' கப்பலுக்கு மாறினார். செப்டம்பர் 3 அன்று திருகோணமலைக்கு வெளியே நடுமரமே முறிந்தது. கடலூர்ப் போர் நடந்த 1783 ஜூன் 20இல் கப்பல் முழு மரங்களோடு நின்றது என்பதால் அந்த நாள் உங்களுக்கு வசதியானதே. ஆனால் அன்று சுஃப்ரேன் அதில் இல்லை. முந்தைய ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் தளபதி தெ கிராஸ் தன் கப்பலோடு பிடிபட்டதை அடுத்து, தளபதிகள் போரின்போது சிறுகப்பலிலிருந்தே அணியை நடத்த வேண்டும் என்று அரசாணை வந்திருந்தது. அவர் 'கிளெயோபாத்ர்' என்ற சிறுகப்பலில் இருந்தார். ஆகையால் தளபதியின் அடையாளக் கொடியை 'எரோ'வின் உச்சியில் வைக்காதீர்கள்.

தட்டின் மேல் மனித உருவங்கள் வைப்பதாக இருந்தால், பிரெஞ்சு மாலுமிகள் மட்டும் போதாது. நோயாலும் முந்தைய போர்களாலும் ஆள் குறைந்திருந்த அணிக்கு, கடலூரில் முற்றுகைக்கு உள்ளாகியிருந்த படைத்தலைவர் புஸ்ஸி ஆயிரத்து இருநூறு பேரைக் கொடுத்தார். அவர்களில் பாதிப் பேர் இந்தியச் சிப்பாய்கள். பதினைந்து பிரெஞ்சுக் கப்பல்கள் பதினெட்டு ஆங்கிலக் கப்பல்களை எதிர்த்து நின்ற அந்த மாலையில் அவர்களும் அணியின் கப்பல்களில் இருந்தனர். மாதிரிகளில் எப்போதும் விடுபட்டுப்போகும் அந்தச் சிப்பாய்களில் சிலரையாவது உங்கள் கப்பலின் தட்டில் நிறுத்துங்கள்.